ஆறு ஜாதிக்காய்

காலைத் திருப்பலி முடிந்து வந்த இயேசுதாசன் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் ஆமினா பீவி வாசலில் வந்து நின்றார். கம்போங் கப்பூர் பகுதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். கணவர் காலமானதிலிருந்து ஒன்பது வருடமாக ஒற்றை ஆளாக நடத்துகிறார். வேகமாக நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

இயேசுதாசனின் மனைவி அல்போன்சம்மாள் மருத்துவச்சி. சிராங்கூன் சாலைப் பக்கம் பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமல்ல, வீட்டில் ஏதாவது புரியாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் இயேசுதாசனுக்கு இந்தப் புரியாத விஷயங்களில் மனைவியைவிட ஆர்வம் அதிகம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலில் உட்கார்ந்தது அவர்தான்.

எருமை வியாபாரி மாணிக்கத்துக்கு வயிற்றுப்போக்கு. முந்தாநாள் அவர் மனைவி அஞ்சலை கடைக்கு வந்தாள். ஆமினா பீவி ஆறு ஜாதிக்காய் கொடுத்து, கல்லில் குன்றிமணி அளவு உரைத்து, காலையும் மாலையும் மோரில் கொடுக்கச் சொன்னார். நேற்று மாலை மாணிக்கம் சுவரைப் பார்த்துச் சிரித்தார். வீடு மிதக்கிறது என்றார். பிறகு படுத்தவர் எழவில்லை. ஊமத்தை விஷம் பட்ட காயைக் கொடுத்துவிட்டதாக அஞ்சலையின் தம்பி முத்துசாமி கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் போலீசுக்குப் போகிறானாம்.

“என் கையால யாருக்கும் கெடுதல் போனதில்ல, தங்கச்சி. ஆனா அந்த மனுசன் எந்திரிக்கலன்னா என் பேச்சை யாரு கேப்பா?” என்று ஆமினா பீவி அல்போன்சம்மாளிடம் கேட்டார்.

மூவரும் மாணிக்கத்தின் வீட்டுக்குப் போனார்கள். ஆமினா பீவி உள்ளே வரத் தயங்கி வாசற்படியருகே நின்றுகொண்டார். அல்போன்சம்மாள் மாணிக்கத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். சன்னலைத் திறக்கச் சொல்லி, இமையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு சீராக இருந்தது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மாலைக்குள் விழிக்காவிட்டால் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்.

தான் இரண்டே வேளை மருந்து கொடுத்ததாக அஞ்சலை சொன்னாள். பையைக் கொண்டுவந்து கொட்டினாள். ஆறு காய்கள். ஒன்று மட்டும் ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது.

கதவோரம் நின்ற முத்துசாமி, “சொன்ன அளவுதான் குடுத்தது. கூடத் துருவிப் போட்டிருந்தா காய் குறையணும்ல? எண்ணிப் பாருங்க, ஆறும் இருக்கு” என்றான்.

இயேசுதாசனும் எண்ணினார். ஆறுதான். அப்படியானால் அளவு மீறவில்லை, காயில்தான் கோளாறு. வாசலில் நிற்கும் ஆமினா பீவியைத் திரும்பிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

அல்போன்சம்மாள் ஒவ்வொரு காயாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். நான்கை ஒரு பக்கமும் இரண்டை மறுபக்கமும் வைத்தார். பிறகு அடுக்களையிலிருந்து தேங்காய்த் துருவியை வாங்கி, அதன் பல்லை முகர்ந்து கணவரிடம் நீட்டினார். தேங்காய் வாசனைக்கு மேலே ஜாதிக்காய் வாசனை தூக்கலாக வந்தது.

“அக்கா, காயில பூச்சி விழாம இருக்க என்ன செய்வீங்க?” என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

“சுண்ணாம்புத் தண்ணியில முக்கிக் காயவைப்பேன். ஒண்ணு விடாம.”

அல்போன்சம்மாள் கட்டைவிரலைக் காட்டினார். நுனி வெளுத்திருந்தது.

“இந்த நாலும் அக்கா கடைக் காய். சுருக்கத்துல சுண்ணாம்பு ஒட்டியிருக்கு. இந்த ரெண்டுல இல்ல. வேற கடையில வாங்கி வச்சது. காணாமப் போன ரெண்டும் இவர் வயித்துல இருக்கு. ஊமத்தைன்னா கண்மணி விரிஞ்சு கெடக்கும். இவருக்கு விரியல. ஜாதிக்காய் அளவு மீறினாலும் இப்படி மயக்கும்.”

தான் துருவவில்லை என்று அஞ்சலை தலையை ஆட்டினாள்.

“நீ இல்லம்மா. அக்கா உரைக்கச் சொன்னாங்க, நீயும் உரைச்ச. துருவறதைப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தர்தான் பேசினாங்க.”

முத்துசாமி தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு இன்று எருமைக் கப்பல் வருகிறது. பல்லைப் பார்த்து மாடு பொறுக்க மாணிக்கத்தைவிட்டால் ஆளில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்தி அவரைச் சீக்கிரம் எழுப்பிவிட வேண்டும் என்று நேற்று மதியக் கஞ்சியில் இரண்டு காயைத் துருவிப் போட்டிருக்கிறான். அவர் சுவரைப் பார்த்துச் சிரித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் இரண்டு காய் வாங்கிப் பையில் போட்டான். அதற்கு மேல், பழியை யார் தலையிலாவது இறக்கிவைக்கத் தோன்றியது. அஞ்சலை அவனைத் திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

நாலு மணிக்கு மாணிக்கம் கண் விழித்து, நாக்கு வறள்கிறது என்று தண்ணீர் கேட்டார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கப்பல் போனால் போகட்டும் என்று சொல்லி, மச்சானைக் கையைக் காட்டி வெளியே அனுப்பினார்.

முத்துசாமி கம்போங் கப்பூருக்கு, ஆமினா பீவியின் கடைக்குப் போனான். இயேசுதாசனும் கூடவே போனார். காலையில் நின்ற இடத்திலேயே நின்று, தப்பு தன்னுடையது, கடைக் காயில் குறையில்லை என்று தெருவில் இருந்தவர்கள் கேட்கச் சொன்னான். ஆமினா பீவி கடைசி வரைக்கும் கேட்டார்.

“மாமாவுக்கு வயிறு எப்படியிருக்கு?”

“அது சுத்தமா நின்னுருச்சும்மா,” என்றான் முத்துசாமி தலையைக் குனிந்தபடி.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆமினா பீவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்து நின்ற பெண்மணி தனக்கும் நாலு ஜாதிக்காய் வேண்டும் என்று கையை நீட்டினாள்.