முன்கேளுக்கு ஐந்து நட்சத்திரம்

ஜெயந்தன் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சிக் காப்பி போட்டான். சட்டையை மாட்டும்முன் தையல் உள்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு செவிமணிகளைக் காதுகளில் செருகிக்கொண்டான்.

காப்பி நன்றாக இருந்தது.

கோவையில் இப்போது எல்லோர் காதிலும் செவிமணி. அதற்குள் முன்கேள் என்ற செயலி. எதிரில் இருப்பவர் மூச்சை இழுத்து உதட்டை அசைத்ததுமே, அவர் சொல்லப்போவதைக் கணித்து அவர் குரலிலேயே காதில் சொல்லிவிடும். உண்மையான ஓசையை மறைத்துவிடும். கேட்டவர் உடனே பதில் சொல்வார். பேச வந்தவர் வாயை மூடிக்கொள்வார். பேருந்தில் சண்டை இல்லை. ரேஷன் கடையில் வரிசை இல்லை. கணவன் மனைவி பேச்சு காப்பி ஆறும்முன் முடிந்துவிடும்.

ஜெயந்தன் செயலிச் சுவைஞன். புதிய செயலிகளை ஊருக்கு முன்னால் பயன்படுத்தி நட்சத்திரம் கொடுப்பது அவன் வேலை. சுவைஞர்களின் செவிமணி மட்டும், மற்றவர் உண்மையில் சொன்னதையும் பதிவு செய்யும். அதற்கு மெய்யொலி என்று பெயர். கணிப்பை மெய்யொலியோடு ஒப்பிட்டுத்தான் நட்சத்திரம் கொடுக்க வேண்டும். யாரும் ஒப்பிடுவதில்லை. கேட்டது பிடித்திருந்தால் ஐந்து. அவனும் அப்படித்தான்.

இன்று புதிய பதிப்பு வந்திருந்தது. அதில் மெய்யொலி கிடையாது, பழைய பதிவுகளும் அழிந்துவிடும். யாரும் கேட்காததற்கு எதற்கு இடம்? நியாயம்தான். ‘புதுப்பி’ பொத்தானில் விரல் வைக்கப் போனபோது அழைப்பு மணி அடித்தது.

சுகிர்தா. இறந்துபோன அவன் மனைவி கலாவின் தங்கை. மறுநாள் கலாவுக்கு முதல் வருடத் திதி.

“மாமா, அந்தக் கருமத்தக் காதுலிருந்து கழட்டுங்க. நான் பேசறத நானே பேசிக்கறேன்.”

கழற்றினான்.

“இட்லி கொண்டாந்திருக்கேன். நீங்க எளச்சுட்டீங்கன்னு அம்மா பொலம்பறாங்க. எனக்கு அப்படித் தெரியலீங்க.”

“அம்மாவுக்கு அஞ்சு நட்சத்திரம். உனக்கு ரெண்டு.”

“போங்க மாமா!” சிரித்தாள். இட்லியைத் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள். “அக்கா கடைசியா உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?”

“குடை எடுத்துக்கிட்டீங்களான்னு கேட்டா. எடுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன்.”

அந்தக் கேள்வி போதும் அவனுக்கு. ஓர் ஆண்டாக அதை வைத்துக்கொண்டு நன்றாகவே இருந்தான். ஒரு சின்னக் குறை மட்டும். அன்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போயிருந்தான். அலுவலகமே சிரித்தது. மதியம் மூளையில் இரத்தம் கசிந்து கலா விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கும் அதே கோலத்தில் ஓடினான். போவதற்குள் முடிந்துவிட்டது. காலையில் கேட்வரை வந்து வழியனுப்பியவள், தன்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லையே என்று எப்போதாவது தோன்றும்.

“குடையா?” சுகிர்தா நிமிர்ந்தாள். “அன்னிக்குக் கொளுத்துற வெயிலுங்க மாமா. வந்தவங்களுக்கு வெயிலுன்னுதான வாசல்ல பந்தலே போட்டோம்?”

“அதுக்கு முந்துன வாரம் பூரா மழை. தெனமும் கேப்பா.”

“அன்னிக்கும் கேட்டுச்சா? இல்ல, அந்த மணி கேட்டுச்சா?”

இட்லி மெத்தென்று இருந்தது. ஒரு வாய் தின்றான். கையைக் கழுவிவிட்டுக் கைபேசியை எடுத்தான்.

திரையில் ‘புதுப்பி’ இன்னும் காத்திருந்தது. தள்ளிவிட்டுப் பழைய பதிவுகளைத் திறந்தான். அந்த நாள். கடைசிப் பேச்சு. கணிப்பு: ‘குடை எடுத்துக்கிட்டீங்களா?’ அதன் கீழே அவன் கொடுத்த ஐந்து நட்சத்திரம். அதற்கும் கீழே மெய்யொலி. ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

ஒரு செவிமணியைச் சுகிர்தாவிடம் கொடுத்தான். கருமம் என்றவளே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மற்றதைத் தன் காதில் வைத்துப் பொத்தானைத் தொட்டான்.

கேட் கிறீச்சிட்டது. ‘எடுத்துக்கிட்டேன்’ என்று அவன் குரல் அவசரமாகக் குறுக்கே வந்தது. வண்டி கிளம்பியது. அதற்குப் பின்னால், சிரிப்பை அடக்க முடியாமல், கலா:

“ஏனுங்க, சட்டையத் திருப்பிப் போட்டுட்டுப் போறீங்களே!”