கள்ளு மணம்

உம்மாவின் வாயில் கள்ளு மணந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலால் துறைமுகத்துக் காற்று டீசலும் மீனுமாய் வீசியது. அதையும் டெட்டோல் நெடியையும் தாண்டி, பானையில் நுரைத்து வழிகிற கள்ளின் புளிப்பு, ஒரு வக்துத் தொழுகையும் தவறாத அசனா உம்மாவின் காய்ந்த உதடுகளுக்கிடையிலிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. மகள் ரபீக்கா கதிரையை இழுத்து வாசலை மறைத்து உட்கார்ந்தாள்.

குடலில் ஒப்பரேஷன் செய்ததிலிருந்து உம்மா கண் திறக்கவில்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாக, கூப்பனுக்குக் கிடைத்த சீனியைக் கரைத்து அவள்தான் ஊற்றிவந்தாள்.

மூதூர் லாஞ்சியில் வந்திறங்கிய ஸுல்பிகா மாமி, வாப்பாவின் தங்கை, கட்டிலருகே மூக்கைச் சுளித்தாள்.

"என்ன புள்ள, ஒரு மாதிரி மணக்குது?"

"மருந்து மாமி."

மாமி தண்ணீர் எடுக்கப் போனதும் ரபீக்கா உம்மாவின் கழுத்தில், தலையணையில், குழாயில்கூட அத்தரைத் தடவினாள். ஊருக்குள் இந்தக் கதை போனால் எந்த முகத்தோடு நடப்பது? தாயை நினைத்தே வெட்கப்பட்டாள். அப்படி வெட்கப்பட்டதற்காகவும் வெட்கப்பட்டாள்.

மாமி திரும்பி வந்து நிற்கையில் டொக்டர் சிவகுருநாதன் வந்தார்.

"கடும் வருத்தக்காரருக்கு வயித்துக்குள்ள பூஞ்சணம் பிடிக்கிறது. சீனி பட்டா கள்ளு மாதிரிப் புளிச்சுப் பொங்கும். கெதியாத் தெரிஞ்சா மருந்து இருக்கு. இந்த அத்தரைத் தவிர வேற மணம் ஏதும் வந்ததோ?"

மாமி ரபீக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டொக்டர்."

அவர் போய்விட்டார். சீனித் தண்ணீர் நேரம் வந்தது. ஊற்றினாள். உம்மாவின் வயிற்றுக்குள் குளுகுளுவென்று சத்தம். அடங்கியது. மறுபடி கிளம்பியது. அவள் கைவைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ கையைத் தள்ளியது.

சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் உம்மா மவுத்தானாள்.

வீட்டில் மையித்தைக் குளிப்பாட்டும்போது மாமி தோளைத் தாங்கிப் பிடித்தாள்.

"வயித்த மெதுவா அமத்து மகள்."

அது முறை. ரபீக்கா அமர்த்தினாள்.

வாயில் வெள்ளை நுரை. துடைத்தாள். மறுபடி நுரை. துடைத்தாள். தண்ணீரில் போட்ட கற்பூரத்தை மீறி மணம் எழுந்தது. பெண்கள் முக்காட்டால் மூக்கைப் பொத்தினார்கள்.

"இத ஆரு பருக்கின?" என்றாள் மாமி, மெல்லிய குரலில்.

ரபீக்கா மறுபடி துடைத்தாள்.

கபன் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அறை அமைதியானது.

குளு. குளு.

வெள்ளைத் துணிக்கு அடியில் உம்மாவின் வயிறு மெல்ல உயர்ந்தது. நடு முடிச்சு இறுகியது. முகத்து மேல் துணியில் ஈரம் படர்ந்தது. அதில் குமிழிகள் வந்தன.