பரவாயில்லை என்ற சொல்லின் எடை

“இந்தத் திசைவியோட விதியைத் திறந்து காட்டுங்க. அதைப் பாக்காம நான் ஒப்புக்க மாட்டேன்.”

பொறியாளர் சந்தனமாரி இதைச் சொன்னதும் தேர்வுக்குழுவின் மேஜையே அவள் பக்கம் திரும்பியது. காலையில் லிஃப்டில் வைத்தே தலைமைப் பொறியாளர் சபேசன் சொல்லியிருந்தார்: அலை எவ்வளவு தூரம் எட்டும், உப்புக்காற்றில் பெட்டி துருப்பிடிக்குமா, எதை வேண்டுமானாலும் கேள், விதியை மட்டும் கேட்காதே. அது விற்பவர்களின் ரகசியம். கேட்பது மரியாதையில்லை.

மரியாதை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கடல் ஏறிவந்து கரையோரத்துக் கேபிள்களை விழுங்கிய பிறகு தென்கரை முழுவதற்கும் இணையம் காற்றில்தான். அதைக் கொடுத்தது இவர்களுடைய ‘அலைவீச்சு’ நிறுவனம். காற்றில் இடம் கொஞ்சம், வீடுகளோ அதிகம். யாருடைய அழைப்பை முதலில் விடுவது, யாருடையதை நிறுத்திவைப்பது என்று கோபுரத்துக்குக் கோபுரம் ஒரு திசைவி முடிவுசெய்தது. பழைய வரிசைத் திசைவிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. வந்தவர்களை வந்த வரிசையில் விடும், எல்லோரையும் ஒரே மாதிரி இழுத்தடிக்கும். புதிதாக வந்திருப்பது குறிப்பறித் திசைவி. பேச்சைக் கேட்டே, யாரால் காத்திருக்க முடியும் என்று கண்டுபிடித்து அவர்களைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டில் எதை வாங்குவது என்று முடிவுசெய்யத்தான் இந்தக் கூட்டம்.

“விதியைப் பாத்தவங்க யாரு மேடம் இருக்காங்க?” என்றான் குறிப்பறியை விற்க வந்த அபிநந்தன். மேஜையே சிரித்தது. சந்தனமாரி சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, கேட்டதையே மறுபடி கேட்டாள். சபேசன் கண்ணாலேயே அதட்டினார். அபிநந்தனுக்கோ தன் சரக்கின் மேல் அவ்வளவு பெருமை. மறைக்க ஒன்றுமில்லை என்று சுவர்த்திரையில் விதியை விரித்தான்.

சொல்லுக்குச் சொல் ஓர் எடை இருந்தது. அதட்டல், வசவு, ‘உன் மேனேஜரைக் கூப்பிடு’ எல்லாம் வழி திறக்கும் சொற்கள். இன்னொரு பக்கம், காத்திருக்க வைக்கும் சொற்கள். அவற்றில் எல்லாவற்றையும் விடக் கனமாக, உச்சியில் இருந்தது: பரவாயில்லை.

“நியாயந்தானே,” என்றார் சபேசன். “அவங்களே பரவாயில்லைங்கறாங்க.”

அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. குறிப்பறியைச் சோதித்துப் பார்க்க இவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் உப்புத்துறை, அவளுடைய ஊர். போன மாதம் அப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டபோது அம்மா திரையில் டாக்டரைக் கூப்பிட்டாள். கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லும்போதே படம் உறைந்துவிட்டது. பெரிய மனுஷரைச் சிரமப்படுத்துகிறோமே என்ற கூச்சத்தில் அம்மா, பரவாயில்ல டாக்டர், மெதுவா பாருங்க என்றாள். படம் உறையும்போதெல்லாம் அதையே சொன்னாள். சொல்லச் சொல்லத் திசைவி அவளைப் பின்னால் தள்ளியது. அந்த நேரம், கோபுரத்தின் பதிவில் அவள் பிறகு பார்த்தபடி, கடற்கரை விடுதியில் ஒருவர், பரோட்டா ஆறிப்போய் வந்ததென்று போனில் கத்திக்கொண்டிருந்தார். அலை முழுக்க அவருக்குப் போயிருந்தது.

நடந்ததை அவள் மேஜைக்குச் சொன்னாள். சொல்லும்போதே ஆபீஸ் தமிழ் நழுவி ஊர்த் தமிழ் வந்துவிட்டது. அதை அவள் பிடித்து நிறுத்தவில்லை.

“பஸ் நிக்காமப் போனா அதைத்தான் சொல்லுதோம். ஆபீசர் வெயில்ல நிக்க வச்சாலும் அதைத்தான் சொல்லுதோம். அதுக்குப் பரவாயில்லன்னு அர்த்தமில்ல சார். உங்ககிட்ட சண்டை போட எங்களுக்குத் தெம்பில்லன்னு அர்த்தம். இப்ப எங்கப்பாவுக்குப் பேச்சு போயிட்டு. வாயில மிச்சம் நிக்கது அந்த ஒரு சொல்லுதான். தண்ணி வேணும்னாலும் பரவாயில்ல, வலிச்சாலும் பரவாயில்ல. எங்க வீட்டை உங்க பெட்டி இனி வரிசைல எங்க கொண்டு வைக்கும்?”

அபிநந்தன் தண்ணீர் குடித்தான். வேண்டுமானால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்றான். எடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவள் கேட்டாள். அவன் பொய் சொல்லத் தெரியாத விற்பனையாளன். “வேற சொல்லைக் கண்டுபிடிக்கும் மேடம். ‘சரிங்க’, ‘உங்க இஷ்டம்’னு ஏதாவது. யார் பொறுத்துப்பாங்கன்னு தேடறதுதானே அதோட வேலை.”

சபேசன் குரலை உயர்த்தவில்லை. அவர் வாழ்க்கையில் உயர்த்த வேண்டி வந்ததே இல்லை. மேலிடம் குறிப்பறியைப் போன வாரமே தேர்ந்துவிட்டது, இந்தக் கூட்டம் ஒரு சடங்குதான் என்றார். பிறகு கனிவாக, “உங்க வீட்டுல நீ முதல் பட்டதாரி. எவ்வளவு கஷ்டப்பட்டு இங்க வந்திருப்ப. கோவத்துல கெடுத்துக்காதம்மா,” என்றார்.

முதல் பட்டதாரி. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறாள். அவளைப் பாராட்ட அதைச் சொன்னவர்களைவிட, வாயை மூடி உட்காரவைக்க அதைச் சொன்னவர்கள்தான் அதிகம்.

அவள் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த விதியை இனி ஊர் ஊராகச் சொல்லப்போவதாகச் சொன்னாள். போனை எடுத்தால் நல்ல பேச்சுப் பேசாதீர்கள், வாய்க்கு வந்தபடி திட்டுங்கள் என்று உப்பளத்துச் சனங்களுக்குச் சொல்லித்தரப் போகிறாள். கரை முழுக்கக் கத்தத் தொடங்கினால் பின்னுக்குத் தள்ளத் திசைவிக்கு மிஞ்சுவது யார்? இத்தனை நாளும் கத்தாமலே எல்லாம் கிடைத்தவர்கள்.

சபேசன் பேச வாயெடுத்தார். எந்தக் குரலில் பேசுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

அபிநந்தன்தான் மெல்லக் கேட்டான், கேலியாக இல்லை. “மேடம், ஊரே கத்தினா கத்தத் தெரியாதவர்தானே கடைசில நிப்பாரு? உங்கப்பா?”

கதவின் கைப்பிடியில் வைத்த கை ஒரு கணம் நின்றது. அதை அவள் யோசிக்காமல் இல்லை.

“அவரு பக்கத்துல உக்காந்து நான் கத்துவேன்,” என்றாள். கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.