நான்கு மணி அல்வா

செவ்வாயில், பொருநைக் குடியிருப்பில், காலை எட்டு மணிக்கு முந்தைய நாள் விழுந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பிறந்தவர், இறந்தவர் செய்திகளெல்லாம் அதற்குப் பிறகுதான். யாரும் வெட்கப்படுவதில்லை. எல்லா அறைகளிலும் உணர்தரை உண்டு. வயதான உடம்பு சாய்ந்தால் அதுவே பதிந்துகொள்ளும்.

"ஆவுடையம்மாள், வயது எண்பத்திரண்டு. இரண்டாவது முறை."

பல் துலக்கிக்கொண்டிருந்த செண்பகத்தின் கை நின்றுவிட்டது. ஆவுடையம்மாள் அவளுடைய அண்ணன் மனைவி. அண்ணன் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே அறை.

செவ்வாயில் எடை குறைவு, மெதுவாகத்தான் விழுவார்கள். ஆனால் எலும்புகள் அப்பளமாகிவிட்டிருந்தன. அதனால் ஒரே வருடத்தில் மூன்று முறை விழுந்தவரை, வானத்தில் சுற்றும் மிதப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எடையே இல்லாத இடம், விழவே முடியாது. திரும்பி வரவும் முடியாது.

"மூஞ்சியத் தொங்கப் போடாதட்டி. அங்க போனா மூட்டு வலியே கிடையாதாம்லா," என்றாள் ஆவுடையம்மாள்.

"போங்க மைனி, போயி பலூன் மாதிரி மிதங்க. நான் யார்கூடச் சண்டை போடுறதாம்?"

பத்து மணிக்கு நாடி வந்தது. அது மருத்துவப் பொறி. சக்கரத்தில் உருளும், செந்தமிழில் பேசும். ஆவுடையம்மாளின் வயிற்றுக்குள் பதித்திருந்த உள்மருந்தகத்தின் பதிவுகளைப் படித்தது. சர்க்கரை ஏறினால் அந்த உள்மருந்தகம் தானாகவே மருந்து செலுத்தும்.

"இரண்டு முறையும் மாலை நான்கரை மணி. இரண்டு முறையும் சர்க்கரை ஐம்பதுக்குக் கீழே. அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"பேசிக்கிட்டுதான் இருந்தோம்," என்றாள் ஆவுடையம்மாள்.

"எதைப் பற்றி?"

"எங்க அண்ணன் கல்யாணத்தப் பத்தி," என்றாள் செண்பகம். "கடையநல்லூர்ல. அன்னைக்குப் போட்ட அல்வா இருக்கே, வாழையிலைத் துண்டுல வச்சா நிக்காது. வழுக்கிட்டு ஓடும்."

"நெய் மணிக்கட்டு வரைக்கும் வடியும். இவ அஞ்சு துண்டு தின்னா."

"நீங்க எட்டு! கல்யாணப் பொண்ணுன்னுகூடப் பாக்காம..."

"போதும், நிறுத்துங்கள்!" நாடி அலறியது. "சர்க்கரை இறங்குகிறது!"

ஆவுடையம்மாளின் நெற்றி வியர்த்துவிட்டது. நாடி அவசரமாக இனிப்பு நீரைப் புகட்டி, பத்து நிமிடம் காத்திருந்து சொன்னது:

"உங்களுக்கு எச்சில் ஊறியதும், அல்வா வரப்போகிறது என்று உள்மருந்தகம் முன்கூட்டியே மருந்தைச் செலுத்திவிடுகிறது. அல்வாதான் வருவதில்லை."

"எவன் அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தான்?"

"நீங்கள்தான். பூமியில் முப்பது வருடம், விசேஷ வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு மாத்திரையைக் கூடுதலாக விழுங்கியிருக்கிறீர்கள். மாத்திரைப் பெட்டி பதிந்து வைத்ததைப் படித்துத்தான் இது பழகியது."

"எல்லாரும் அப்படித்தான போடுதாக," என்றாள் ஆவுடையம்மாள், முந்தானையைச் சரிசெய்தபடி.

இந்த வயதில் சர்க்கரை சற்று ஏறியிருப்பதே நல்லது, மருந்தைக் குறைக்க வேண்டும் என்றது நாடி. ஆனால் பூமியின் அனுமதி வர மூன்று மாதம் ஆகும். அதுவரை பழைய பேச்சு வேண்டாம்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார்கள். பாசிக் கூழைக் குடித்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் செண்பகம் அழுதுவிட்டாள். நாடி யோசித்து வேறு வழி சொன்னது. பேசலாம்; ஆனால் தினமும் நான்கு மணிக்கு ஒரு துண்டு அல்வா தின்றாக வேண்டும். உணவச்சு இயந்திரத்தில் வார்த்துப் பெட்டியில் அனுப்பியது.

முதல் நாள் இருவருக்கும் கண் கலங்கியது. ஐந்தாம் நாள் ஆவுடையம்மாள் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"என்ன எழுதிருக்கு பாரு. 'தினம் ஒரு வேளை, இருபத்தைந்து கிராம், தவறாமல்.' மருந்துன்னு தெரிஞ்ச பொறவு தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்கு."

"மைனி, திங்காட்டா விழுந்திருவீய!"

"ஒரு வேளை விட்டா என்ன கொள்ளையா போயிரும்?"

எழுந்தவள் தள்ளாடினாள். செண்பகம் பாய்ந்து பிடித்து இழுத்ததில் இருவரும் கட்டிலில் சரிந்தார்கள். கட்டிலுக்கு உணர்வு கிடையாது, தப்பித்தார்கள். அல்வாவைத் தன் கையாலேயே மைனியின் வாயில் திணித்தாள் செண்பகம்.

மறுநாள் பெட்டியின் சீட்டைக் கிழித்துப் போட்டாள். பெட்டியைத் தன் சேலைகளுக்கு அடியில், பாதி தெரியும்படி செருகினாள்.

"மைனி, நாடி சொல்லிட்டு. இனிமே நீங்க அல்வாவத் தொடவே கூடாதாம். உங்களுக்கு அது விஷமாம். எல்லாம் எனக்குத்தான்."

"சர்க்கரைக்காரிக்கு அல்வா குடுக்கும்போதே நெனச்சேன்," என்றாள் ஆவுடையம்மாள்.

நான்கு மணிக்குச் செண்பகம் குளிக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கதவிடுக்கில் நின்றாள். திரும்பி வந்தபோது பெட்டியில் ஒரு துண்டு குறைந்திருந்தது. மைனியின் மணிக்கட்டில் நெய் மின்னியது.

"என்ன தின்னீய மைனி?"

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கலட்டி."

மூன்று மாதம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. கடையநல்லூர்ப் பேச்சும் நிற்கவில்லை. ஆவுடையம்மாள் விழவும் இல்லை. பூமியின் அனுமதி வந்ததும் நாடி மருந்தைக் குறைத்து, இனி அல்வா தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

"மைனி, இனிமே நெசமாவே அல்வா கூடாது," என்றாள் செண்பகம்.

"சரிட்டி. நீ சொன்னா நான் என்னைக்கு மீறியிருக்கேன்?"

மணி நான்கை நெருங்கியது. ஆவுடையம்மாள் நிலைகொள்ளாமல் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ இன்னைக்குக் குளிக்கப் போகல?"