நாற்பது முத்திரைப் பெட்டி

செவ்வாய்க் கிரகத்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் சான்றாளிகள் வந்து வரிசையில் நின்றுவிடும். சான்றாளி என்றால் உணவைச் சோதித்து முத்திரை குத்தும் இயந்திரம். ஹலாலுக்கு ஒன்று, யூதர்களின் கோஷருக்கு ஒன்று, கிழங்கு சேராத சமண உணவுக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கதிர்வீச்சுக்கு ஒன்று.

சண்முகக்கனி அவற்றைக் கல்யாண வீட்டுக்காரி போல வரவேற்றாள். செவ்வாய் மண்ணில் விளைந்த முதல் கடலையில் அவள் செய்த கடலைமிட்டாய், நாற்பது பெட்டி, மறுநாள் பூமிக்குக் கிளம்புகிறது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்துத்தான். அதுவரை ஏற்றுமதி இல்லையென்றால் குடியேற்ற வாரியம் அவளுடைய கண்ணாடித் தோட்டத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

சட்டம் கேட்டது எட்டு முத்திரை. அவள் நாற்பதுக்கு எழுதிப் போட்டிருந்தாள்.

"எட்டு போதாதாக்கா?" என்றான் பெட்டி கட்டும் அந்தோணி.

"கூறு கெட்டவனே, எவனும் எங்களுக்கு ஆகாதுன்னு சொல்லிரக் கூடாதுல்லா?"

மாலையில் சோதனை முடிந்தது. நாற்பது பெட்டியிலும் நாற்பது முத்திரைகள் பளபளத்தன. அந்தோணி ஒன்றைத் திறந்து பார்த்தான்.

"அக்கா, உள்ள ஒண்ணுமே இல்லையே!"

விதி அப்படி. ஒரு முத்திரைக்கு ஒரு பெட்டி மிட்டாயைச் சான்றாளி சோதனைக்கென்று எடுத்துக்கொள்ளும். படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

சண்முகக்கனி வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "மிட்டாய் இல்லை, மன்னிக்கவும். அடுத்த அறுவடையில் ஈடு செய்கிறேன்" என்று நாற்பது சீட்டு எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஏத்துடே. முதல்ல தோட்டம் தப்பட்டும். மிச்சத்தைப் பொறவு பாப்போம்."

பத்து மாதம் கழித்துச் சென்னை வியாபாரி ஜமால் முகைதீனின் குரல்மடல் வந்தது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தீபாவளிக்கு முந்தியே எல்லாம் வித்துப்போச்சும்மா. எந்த வீட்டுக்கும் தைரியமா குடுக்கலாம்ல? வாங்கினவங்க சம்பந்திக்குக் குடுத்தாங்க, சம்பந்தி மேனேஜருக்கு, மேனேஜர் பக்கத்து வீட்டுக்கு. கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு என் வீட்டுக்கே திரும்பி வந்துச்சு. பிரிக்காம வச்சிருக்கேன், பொங்கலுக்கு யாருக்காவது குடுக்கலாம்னு. இதே தரத்துல நானூறு பெட்டி அனுப்பும்மா. ஒரே குறைதான். பக்கத்துக் கடைப் பெட்டியில நாப்பத்தோரு முத்திரை இருக்காம்."

சண்முகக்கனி நாற்பத்தோராவது முத்திரைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். தோட்டத்தில் அடுத்த கடலை முற்றி நின்றது.

"அப்ப இந்தக் கடலை?" என்றான் அந்தோணி.

"வறு. நாம திம்போம்."