தலைகீழாகத் தொங்கிய கிணறுகள்

கோடை வந்துவிட்டால் சிட்லபாக்கத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "உங்க கிணத்துல எத்தனை அடியில தண்ணி?"

இந்த வருஷம் எப்சியும் அவள் தோழி தீபாவும் தெருத் தெருவாகப் போய்க் கேட்டார்கள். கேட்டதோடு விடவில்லை. கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, தண்ணீரைத் தொட எவ்வளவு கயிறு போகிறது என்று அளந்தும் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு முகிலன் அண்ணா குரோம்பேட்டையில் இன்ஜினீயரிங் படிப்பவர். அந்த அளவுகளை வைத்து ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தார். தெருவுக்கு ஒரு நீலத் தூண். தொட்டால் தூண் தரையிலிருந்து மறுபடி மெல்ல வளர்ந்து அளவைக் காட்டும்.

"ஏதாவது மாத்தணும்னா நீங்களே மாத்திக்கோங்க. எனக்கு எக்ஸாம்" என்று சொல்லிவிட்டு அவர் போனை அணைத்துவிட்டார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனந்தன் அங்கிள் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இருப்பதிலேயே உயரமான தூணைத் தொட்டார்.

"மேட்டுத் தெருவுல தண்ணி நெறைய இருக்கே. அவங்களுக்குத் தண்ணி லாரி கடைசியா போனாப் போதும்."

தீபாவின் முகம் வாடிவிட்டது. அவள் வீடு மேட்டுத் தெருவில்தான். அங்கே வாளியை இறக்கினால் பாதி சேறுதான் வரும்.

"அங்கிள், அது தண்ணி இல்ல, ஆழம்" என்றாள் எப்சி. "தூண் பெருசா இருந்தா தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சுன்னு அர்த்தம்."

"நீ சொன்னா எனக்குப் புரியுதும்மா. சாயங்காலம் லாரி யாருக்கு முதல்லன்னு முடிவு பண்ற கூட்டத்துல எல்லாரும் திரையைத்தானே பார்ப்பாங்க? ஒவ்வொருத்தர் காதுலயும் போய்ச் சொல்லுவியா?"

எப்சிக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் படத்தின்மேல். "இதைச் சரி பண்ணாம எழுந்திருக்க மாட்டேன்" என்று மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் மேட்டுத் தெருத் தூணைச் சிவப்பாக்கினாள். அம்மாவைக் கூப்பிட்டு, "எந்தத் தெருவுல தண்ணி நெறைய?" என்று கேட்டாள்.

"சிவப்புல. அதுதானே உசரமா இருக்கு."

அடுத்து, 'இது ஆழம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டாள். அம்மா மறுபடியும் சிவப்பையே காட்டினாள்.

"மேல எழுதியிருக்கேனேம்மா."

"எழுத்தை யாருடி படிச்சா? நான் தூணைத்தான் பார்த்தேன்."

"விட்டுடலாம்பா" என்றாள் தீபா. "சும்மா இருடி" என்றாள் எப்சி.

எரிச்சலோடு கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கிணற்றை யாராவது அண்ணாந்து பார்ப்பார்களா? குனிந்துதானே பார்க்கிறோம். படத்தில் மட்டும் எதற்கு அது மேலே வளர்கிறது?

உள்ளே ஓடி, அமைப்புகளைத் தேடிப் பிடித்தாள். செங்குத்து அளவைத் தலைகீழாக்க ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் டிக் அடித்தாள். தரை மேலே போயிற்று. தூண்கள் கீழே தொங்கின.

"கயிறு மாதிரி இருக்கு" என்றாள் தீபா. உடனே ஒரு வாளி வரைந்தாள். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் எப்சி அதைச் சேர்த்தாள்.

அந்த வழியாகப் போன அம்மா, யாரும் கேட்காமலே சொன்னாள். "ஐயோ பாவம், மேட்டுத் தெருவுல தண்ணி இவ்ளோ கீழ போயிடுச்சா?"

சாயங்காலம் கூட்டத்தில் ஆனந்தன் அங்கிள் தன் தெருவான ஏரிக்கரைத் தெருவை முதலில் தொட்டார். வாளி சற்று இறங்கி நின்றது. பிறகு மேட்டுத் தெருவைத் தொட்டார். வாளி இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் குனிந்து பார்த்தார்கள்.

"இன்னும் போய்க்கினே கீதே" என்றார் ஒருவர்.

ஆனந்தன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் லாரி மேட்டுத் தெருவுக்கு. எங்க தெருவுக்குக் கடைசியா வந்தாப் போதும்" என்று அவரே முதலில் கையைத் தூக்கினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீபா எப்சியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேட்டுத் தெருவில் லாரி நின்ற நேரத்தில், பரீட்சை முடிந்த முகிலன் அண்ணா போன் செய்தார்.

"எப்சி, யாரு என் கிராஃபைத் தலைகீழாத் தொங்க விட்டது?"

"நான்தாண்ணா. நீங்க கிணத்தை மாடி மேல கட்டியிருந்தீங்க. இறக்கி வச்சுட்டேன்."