நீல விளிம்புத் தட்டு

"அந்தத் தட்டு எங்கன்னுதானே கேக்குறேன், அதுக்கு ஏன்க்கா இப்புடி..."

"பத்திரமா இருக்குன்னு சொல்றேன்ல? அதை எடுக்கணும்னா பரண் முழுக்க இறக்கணும்டா..."

"இறக்குவோம். வேற எதுக்கு வந்திருக்கேன்? அம்மா சாப்பிட்ட தட்டுல படைச்சாத்தான் அம்மா வரும். அதைப் பாத்துத்தான் அம்மாவுக்கு வழி..."

"தெரியும் நிமலன்! எனக்கு நீ சொல்லித் தர வேணாம்."

தீபாவளிக்கு முதல்நாள் அந்தி. மத்தியானம் கொட்டிய மழை விட்டிருந்தாலும் கூரைத் தகரத்தில் இன்னும் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மாத்தளை டவுன் பக்கம் எங்கோ ஒரு வெடி நமுத்துப்போய்ச் சீறி அடங்கியது.

சந்திரகாந்தா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, நடுவில் நிறுத்தி வைத்திருந்த எனாமல் தட்டை எடுத்தாள். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, நடுவில் மங்கிப்போன ஒரு ரோசாப்பூ. எடுத்தவள் அப்படியே நின்றாள்.

தட்டு ஈரமாக இருந்தது.

யாரோ இப்போதுதான் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்ததுபோல. பூட்டி வைத்த அலுமாரி. சாவி அவள் இடுப்பில்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல." சேலைத் தலைப்பால் துடைத்தாள். "மழைக் குளிரு, வேர்த்திருக்கு."

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்த இரவில் நிமலன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது கையில் அகப்பட்டது ஒரே ஒரு சாமான்தான். செத்துப்போன அம்மாவின் அலுமினியத் தட்டு. சொட்டை விழுந்து, அடியில் ஆணியால் குத்திக் குத்தி எழுதிய பேரோடு இருந்தது. கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவன் அதைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான். "உன் வீட்டுல இருந்தா பத்திரம்க்கா. தீபாவளிக்கு எடுத்துப் படைப்போம்."

அந்தத் தட்டை அவள் பலாபத்வலையில் மர்சூக்கின் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டாள்.

அந்தக் கடைக்குப் போவதென்றால் அவளுக்கு அப்படியொரு சந்தோசம். அரசாங்கக் கச்சேரி ஆபீசில் வேலை பார்த்த காலத்திலேயே சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். துருவும், கறுவா மூட்டை வாசமும், பழைய பலகையின் புளித்த நெடியுமாக இருக்கிற அந்த இருட்டுக்குள் குனிந்து, ஓட்டைச் சைக்கிளையும் உடைந்த மின்விசிறியையும் நகர்த்தி நகர்த்திக் கையை விட்டால், விரல் நுனியில் வழவழவென்று ஒன்று தட்டுப்படும் பாருங்கள், அந்த நிமிசம் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். நகத்தால் சுண்டுவாள். பீங்கான் என்றால் மணி மாதிரி ஒரு சத்தம். கரி பிடித்த பித்தளைச் செம்பைப் புளிபோட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வெளியே வரும்போது, தனக்கே ஒரு பரம்பரை முளைத்து வருகிற மாதிரி இருக்கும்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணாடி அலுமாரியைப் பார்த்து வாய் பிளந்தால், "எல்லாம் எங்க அம்மா வழிச் சாமான்" என்பாள். லாம்பு, பூப்போட்ட கோப்பைகள், தேயிலை டப்பா. எல்லாம் அம்மா வழி.

நீல விளிம்புத் தட்டை அவளிடம் எடுத்துக் கொடுத்த அன்று மர்சூக் சொன்னான்: "ஒரு மனுசி சாகும்வரைக்கும் சாப்பிட்ட தட்டு அக்கா. மகன்மார் வந்து எறியாத குறையா தந்துட்டுப் போனாங்க. பாருங்க, இடது பக்கம் மட்டும் தேஞ்சிரிக்கி. இடக்கைக்காரி போல." சிரித்தான். "சல்லி வேணாம், வீட்டுல பழைய அலுமினியம் ஏதும் இரிந்தா தாங்க."

அவள் இரண்டு ஓட்டைச் சட்டிகளோடு அம்மாவின் தட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது பேர் வெட்டிய பக்கத்தைக் கீழே திருப்பித்தான் வைத்தாள்.

இன்று காலையில் அதைத் தேடிக் கடைக்கு ஓடினாள். மர்சூக் உதட்டைப் பிதுக்கினான். "அது லொறியில போய்ட்டே அக்கா. இதுக்குள்ள உருக்கியிரிப்பாங்க."

"இது அம்மா தட்டு இல்லையே," என்றான் நிமலன், அவள் கையில் இருந்ததைப் பார்த்து.

"அம்மாவோடதுதான். எனக்குக் கல்யாணத்துக்குத் தந்துச்சு. நீ அப்போ பொடியன்." நாக்கு பழகிப்போயிருந்தது. "நீ தந்தது ஓட்டை விழுந்திருச்சுடா. ஓட்டைத் தட்டுல படைக்கலாமா?"

அவன் தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "நீ சொன்னா சரிக்கா."

இந்தச் சொல்லுக்குப் பதில் அவன் அவளை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

சாமி அறையில் விளக்கேற்றி, தட்டில் சோறு போட்டு, கோழிக்கறியும் உளுந்து வடையும் கட்டசம்பலும் வைத்து, பக்கத்தில் பிளேன்டீயும் வெற்றிலையும் வைத்தார்கள்.

"மூத்தவ நீதான் கூப்பிடணும். தட்டைத் தொட்டுச் சொல்லுக்கா."

"நீயே சொல்லேன்டா."

"மகதான் சொல்லணும்."

அவள் விளிம்பைத் தொட்டாள். இந்த முறை ஈரம் இல்லை. இளஞ்சூடு. கைச்சூடு மாதிரி.

"அம்மா," என்றாள். "இது உன் தட்டுத்தான். வந்து சாப்பிடும்மா."

கதவைச் சாத்திவிட்டு இருவரும் முற்றத்தில் இறங்கினார்கள். படைத்த பிறகு உயிரோடு இருப்பவர்கள் உள்ளே நிற்கக்கூடாது. வந்தவர்கள் பசியாறும்வரை வெளியே காத்திருந்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். நிமலன் ஈர மண்ணில் குந்தி, கண்ணை மூடிக் கும்பிட்டான். மல்லிகைப் பந்தலுக்குக் கீழே இருட்டு மெதுவாக ஊறி, கேட்டு வரைக்கும் பரவியது. நனைந்த மண் வாசத்துக்கு நடுவே இன்னொரு வாசம் ஜன்னல் வழியாக வந்தது. வேப்பெண்ணெய். அம்மா ஒருநாளும் வேப்பெண்ணெய் தேய்த்ததில்லை. அம்மாவிடம் பச்சைத் தேயிலைக் கொழுந்து வாசமும், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கின் ஈர வாசமும்தான்.

அந்த வாசம் போகட்டும் என்றுதான் அவள் ஒரு காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஆபீசில் இருந்து ஆட்கள் வந்திருந்த ஒரு நாள், அம்மா சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தில் இருந்து இறங்கி வந்து வெற்றிலை வாயோடு வாசலில் நின்றது. "யாரு இவங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "தோட்டத்துல இருந்து வந்திருக்காங்க. கூடமாட ஒத்தாசைக்கு," என்றாள் சந்திரகாந்தா. அம்மா காதில் அது விழுந்தது. மகள் கையில் இருந்த டீத் தட்டத்தை வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு, வந்தவர்களுக்கு ஒவ்வொருத்தராக நீட்டிக்கொண்டு போனது.

உள்ளே ஏதோ உரசியது.

எனாமலில் நகம் படுகிற சத்தம். பிறகு மெல்லும் சத்தம். நிதானமான, வெகுநாள் பட்டினி கிடந்தவர்களின் மெல்லல்.

"அக்கா..." நிமலனின் மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. "அம்மா வந்திருச்சுக்கா."

இல்லை என்று சொன்னால் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜன்னல் திரையில் விளக்கு வெளிச்சம் ஆடியது. அதில் ஒரு நிழல். குந்தியிருக்கிற ஒரு உருவம். கை தட்டுக்குப் போய் வாய்க்கு வந்தது. மறுபடியும் தட்டுக்கு. வாய்க்கு.

இடது கை.

"தம்பி. வா, போயிருவோம்."

"சாப்பிடட்டும்க்கா. பாவம்."

மெல்லல் நின்றது.

வழித்து நக்கும் சத்தம். பிளேன்டீயை உறிஞ்சும் சத்தம். ஏப்பம். பிறகு, அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு கிழக்குரல். பாசமான குரல்.

"மகளே."

நிமலன் கண்ணைத் திறந்தான். "அக்கா... இது அம்மா குரல் இல்லையே?"

காற்றில் வேப்பெண்ணெய் விலகி வேறொன்று வந்தது. முதுகுப் பக்கமிருந்து. பச்சைக் கொழுந்து. ஈரச் சாக்கு.

திரும்பக்கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

கேட்டுக்கு வெளியே. மழைத்தண்ணி தேங்கிய ரோட்டில். வெறுங்கால். இடுப்பில் படங்கு. தலை குனிந்து, முகம் தெரியாமல். இரண்டு கையும் முன்னால் நீட்டியிருந்தது, தட்டு ஏந்துகிற மாதிரி. கையில் தட்டு இல்லை. உள்ளங்கையில் மழைத்தண்ணி. அது சொட்டவும் இல்லை.

டீத் தட்டத்தோடு அன்றைக்கு அம்மா குனிந்த அதே குனிவு.

"அக்கா, யாருக்கா அது? அங்க... அக்கா?"



வீட்டுக் கதவு உள்ளிருந்து, தானாக, ஒரு சாண் திறந்தது. வெளிச்சம் முற்றத்தில் கோடாக விழுந்து, அவள் காலைத் தாண்டி, கேட்டுவரை போய் நின்றது. கதவிடுக்கில் சோறு ஒட்டிய இடது கை ஒன்று நிலையைப் பிடித்தது.

"வெளிய ஒருத்தி நிக்கிறாளே," என்றது அந்தக் குரல். "யாரு மகளே அவ?"